கடைசிப் பக்கத்தில் ஓர் ஆறு

போன வாரம் உங்களில் இரண்டு பேர் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நல்ல பிள்ளைகள். பழம் வாங்கி வந்தீர்கள், செருப்பை வாசலிலேயே விட்டீர்கள், நான் போட்ட டீயை நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிக் குடித்தீர்கள். பேச்சுவாக்கில் உங்களில் ஒருவர், "அந்த விஷயத்தைப் பின்னிணைப்புல போட்டுட்டோம் மேடம், பிரச்னை இல்ல" என்றார். எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அத்தனை கோபம். "பின்னிணைப்புல போடறதுக்கு எழுதாமலே இருந்திருக்கலாமே! யாருக்கு எழுதறீங்க, கரையானுக்கா?" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தீர்கள். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள்.

அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. "பாட்டிக்கு இன்னாச்சு" என்று ரயிலில் பேசிக்கொண்டு போயிருப்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். ஆனால் கத்தினவள் காரணம் சொல்ல வேண்டுமில்லையா, அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கில் தப்புச் செய்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் விஷயமே.

நம் தொழிலில் இயற்கை வளர்ச்சி என்று ஒன்றைச் சொல்கிறோம். ஓர் ஊரில் பிறந்தவர்களை எண்ணி, இறந்தவர்களைக் கழித்தால் மிஞ்சுவது. வந்து குடியேறியவர்கள், பிழைப்புத் தேடிப் போனவர்கள் யாரும் இதில் சேர்த்தி இல்லை. தொட்டிலும் பாடையும் மட்டும்தான். தரமணியில் நம் அலுவலகம் எந்தெந்த நாட்டுக்கோ இந்தக் கழித்தலைப் போட்டுக் கொடுத்துத்தான் பிழைக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் எங்களுக்கு வந்தது தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு குட்டி நாடு. பெயர் சொல்ல மாட்டேன். வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஓய்வு பெற்றுவிட்டால் கையெழுத்து அழிந்துவிடாது. அந்த நாட்டு ஜனத்தை மொத்தமாகக் கொண்டுவந்து சென்னைக்குள் இறக்கிவிட்டால், இன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி என்று ரங்கநாதன் தெருவில் முணுமுணுப்போம். அவ்வளவுதான் அவர்கள்.

அவர்கள் கேட்டது இதுதான். நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் வரும் வருஷங்களில் எத்தனை குழந்தைகள் பிறக்கும், எத்தனை பேர் இறப்பார்கள். எங்கள் அட்டவணையை வைத்துக்கொண்டு, எந்தப் பிரசவ வார்டை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று அங்கே முடிவு செய்வார்கள். இது எங்களுக்கு முதல் நாளே தெரியும். அங்கே கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, ஓர் ஆற்றின் மேல்பக்கம் ஒரு பகுதி. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, அதில் ஒரு பிரசவ வார்டு. அதை விட்டால் அடுத்த வார்டு கடற்கரை நகரத்தில்தான். படகில் பாதி நாள், அப்புறம் ரோடு. மழைக்காலத்தில் படகுக்காரர் மனசு வைத்தால்தான் அதுவும். அந்த ஆற்றங்கரையில் பிறப்பு வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது, இறப்பு ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு கோடும் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்திருந்தன. ஒன்றையொன்று தாண்டிவிட்டால் வார்டு போச்சு.

அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவரை நாங்கள் சார் என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மயிலாப்பூர்க்காரர். குளத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக ஒரே வீடு. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, எங்களுக்கு ஆலோசகராக வந்தவர். நான் குப்பத்துப் பெண். அடையாறு கடலில் சேரும் பக்கம் எங்கள் வீடு. அம்மா மீன் விற்றாள். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். எனக்கும் சாருக்கும் பேச்சே வேறு. ஆனால் ஓர் எண் இடித்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் கெடும். அதில்தான் ஒட்டிக்கொண்டோம்.

ஒரு நாள் காலையில் உள்ளே நுழைகிறேன், சார் கம்ப்யூட்டர் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஸ்டெல்லா, இங்க வா. இதைப் பாத்தியோ? பெருமாளாம், வீராசாமியாம், மூத்துவாம், நம்ம முத்துதான். எல்லாம் அந்த ஆத்தங்கரை ஜனங்களோட பேரு."

"ஆமா சார். அந்தக் காலத்துல கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பல்ல ஏத்திட்டுப் போனாங்களே, அவங்க வம்சம்."

"நம்ம மெட்ராஸ்லேர்ந்து போயிருக்கா! பாஷை போயிடுத்து, எல்லாம் போயிடுத்து, பேர் மட்டும் ஒட்டிண்டிருக்கு பாரேன்!"

அன்றைக்குப் பூரா மனுஷர் ஒரு மாதிரியாகவே இருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாருடைய மகள் அப்போது தலைப்பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். காலையில் அவளுக்கு என்ன சமையல், சாயங்காலம் அவளை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போவது, இதே பேச்சுத்தான் அவருக்கு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், அப்படியே மூடிவைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன். ஆத்தங்கரையில பொறப்பு ஏன் கம்மி, கடற்கரை டவுன்ல ஏன் ஜாஸ்தி, சொல்லு பாப்போம்? நம்ம ஜனம்தானே! தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு அம்மா ஆத்துக்குப் போயிடறா. கொழந்தை டவுன்ல பொறக்கறது, அங்கயே பதிவாறது. அஞ்சாம் மாசம் தூக்கிண்டு புருஷன் ஊருக்குத் திரும்பிடறா. எங்காத்துலயே இப்போ அதானே நடக்கறது? என் பேரன் மயிலாப்பூர்ல பொறந்தான்னுதான் எழுதுவா. ஆனா அவன் வளரப்போறது பெங்களூர்ல."

சிரிக்காதீர்கள். நம் ஊர்க் கணக்கில் இது நிஜமான சிக்கல். பதிவை மட்டும் பார்த்தால் தாய்வீட்டு ஊரில் குழந்தைகள் குவியும், புகுந்த ஊர் மலடு மாதிரித் தெரியும். இதைத் திருத்தித் திருத்தி எங்கள் கை பழகியிருந்தது. வேறு ஊர்க்காரனுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. சார் கடற்கரை நகரத்துப் பிறப்புகளில் ஒரு பங்கை எடுத்து ஆற்றங்கரைக்குத் திருப்பிவிட்டார். தொங்கிக்கொண்டிருந்த கோடு நிமிர்ந்துகொண்டது. வார்டு பிழைத்தது. எனக்கும் சந்தோஷம்தான், சார் அளவுக்கே சந்தோஷம். காரணம் அந்த வார்டில் ஒரு மனுஷி இருந்தார்.

அவர் பெயர் சிஸ்டர் பெருமாள். வார்டின் தலைமை நர்ஸ். அங்கே குடும்பப் பெயர்தான் பெயர், அதனால் அந்த அம்மாவுக்குப் பெயர் பெருமாள். பிறப்பு இறப்பு எண்களைச் சரிபார்க்க அவரோடு வாராவாரம் வீடியோவில் பேசுவோம். நமக்கு அலுவலகம் முடிகிற சாயங்காலம், அவருக்கு அப்போதுதான் காலை. அவர் பேசியது அந்த ஊர் ஆங்கிலம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், என் காதில் அது எங்கள் குப்பத்து அக்கா யாரோ பேசுகிற மாதிரியேதான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்கம்மா மீன் வித்தாங்களா? எங்க கொள்ளுப் பாட்டியும் மெட்ராஸ் கடலாண்டருந்து வந்தவதான். எந்தக் குப்பம்னு யாருக்குத் தெரியும்! அப்ப நீ எனக்குச் சொந்தம், உடு."

அதற்குப் பிறகு நான் அவரை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். மறு வாரம் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார், எங்கே பிடித்தாரோ தெரியாது. அந்தக் கரையில் முக்கால்வாசிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தினவர். ஒரே மகள், நியூயார்க்கில். "ஊராமூட்டுப் புள்ளையெல்லாம் நான் எடுத்தேன், என் பேரப்புள்ளய எவளோ எடுப்பா பாரு" என்று அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

சரி, கதைக்கு வருகிறேன். சாருடைய திருத்தம் முடிந்து, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம். எனக்கு மட்டும் அன்று சாயங்காலம் ரயிலில் ஏதோ இடித்துக்கொண்டே வந்தது. திருவான்மியூர் தாண்டும்போது பிடிபட்டது. என் தலைப்பிரசவம் எங்கே நடந்தது? அம்மா வீட்டிலா? எங்கள் குப்பத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் குப்பத்துக்குள்ளேதான். என் மாமியார் வீட்டுக்கு மூன்றாவது வீடு என் அம்மா வீடு. பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறேன் என்று பெட்டி கட்டியிருந்தால் தெருவே கைகொட்டிச் சிரித்திருக்கும். ஒரே சென்னையில், குளத்துக்கும் கடலுக்கும் நடுவிலேயே வழக்கம் மாறிவிடுகிறது. கடல் தாண்டிப் போய்த் தலைமுறை தலைமுறையாக ஆனவர்களிடம் அது அப்படியே இருக்கும் என்று நாங்கள் எப்படி எழுதினோம்?

மறுநாள் சாரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது.

"நீ அங்க போய்ப் பாத்தியோ?" என்றார்.

"நீங்க பாத்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் அப்படி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுடு. கேக்காம எழுதப்படாது" என்றார். அந்த மனுஷரிடம் எனக்கு இருக்கிற மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத்தான். கேட்காமலே இருந்திருந்தால் வார்டு பிழைத்திருக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் அழைத்தேன். சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்காவின் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கப்போறேன். நீங்க சொல்ற பதில்லதான் உங்க வார்டு நிக்குது. தெரிஞ்சே சொல்லுங்க. உங்க ஊர்ப் பொண்ணுங்க மொதல் பிரசவத்துக்கு டவுன்ல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய், புள்ள பெத்துத் திரும்பி வர்ற வழக்கம் உண்டா?"

அக்கா ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"அம்மா வூடா? எந்த அம்மா, தங்கச்சி? அம்மாங்க எல்லாம் நியூயார்க்ல ஆபீஸ் பெருக்கிகினு கீறாங்க, டொரொண்டோல கெயவிங்களப் பாத்துகினு கீறாங்க. பொண்ணுங்களும் ஒண்ணொண்ணா அங்கயே போய்ச் சேருது. போனது எது திரும்பி வந்துச்சு? டவுன்ல பொறக்கற புள்ள டவுன் புள்ளதான். இங்க மிஞ்சினது கெயடு கட்டைங்க. இந்தக் கையால புள்ள எடுத்தது போய், இப்ப கண்ணு மூடி வுடறதுதான் ஜாஸ்தியாப் போச்சு."

சார் தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்கு வேண்டிய பதில் அதில் முழுசாக இருந்தது. பிறப்பு வேறெங்கும் ஒளிந்திருக்கவில்லை. நிஜமாகவே இல்லை.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"நான் ஆமான்னு சொல்லிருந்தா வார்டு இருந்திருக்கும், இல்ல?"

"ஆமாக்கா."

"பொய் சொல்லி வாங்கினா அடுத்த வருசம் எவனாவது எண்ணிப் பாத்துட்டு அசிங்கமாக் கேப்பான். உள்ளதையே எழுது. ஆனா இன்னொண்ணும் எழுது தங்கச்சி. புள்ள கம்மியாச்சுன்னு ஆறு கிட்ட வந்துடாது. ஒருத்திக்கு வலி எடுத்தாலும் அதே தூரம்தான், நூறு பேருக்கு எடுத்தாலும் அதே தூரம்தான். இத நல்லா பெருசா எழுது. எழுதுவியா?"

"எழுதறேன்" என்றேன். மாதா சத்தியமாக என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சார் அவர் கையாலேயே அந்தத் திருத்தத்தை அழித்தார். "கணக்குப் போடாம, ஆசையைப் போட்டுட்டேன்" என்றார். கோடுகள் ஒன்றையொன்று தாண்டின. ஆற்றங்கரையின் இயற்கை வளர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. நான் அட்டவணைக்குக் கீழேயே ஒரு பத்தி எழுதினேன். இந்த எண் பிறப்பு குறைவதைத்தான் காட்டுகிறது, வார்டு வேண்டாம் என்று காட்டவில்லை. அடுத்த வார்டுக்கு உள்ள வழி இது, மழைக்காலத்தில் அந்த வழியின் கதி இது. அக்காவின் வாக்கியத்தையும் போட்டேன், அலுவலக ஆங்கிலத்தில் கொஞ்சம் இஸ்திரி போட்டு.

அறிக்கை போக வேண்டிய நாள் வந்தது. எங்கள் மேனேஜர் கார்த்திக்கை உங்களுக்குத் தெரியாது, உங்களுக்கு முன்பே வேறிடம் போய்விட்டான். தி.நகர்ப் பையன், கெட்டிக்காரன், கெட்டவனில்லை. அந்தப் பத்தியைப் படித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மேடம், அவங்க கேட்டது நம்பர். தூரம் கேக்கல."

"கேக்கலன்னா ஆறு வத்திடுமா?"

"மேடம், வார்டு வெக்கணுமா வேணாமான்னு நாம சொன்னா, உங்க கருத்த யாரு கேட்டாங்கன்னு முழு ரிப்போர்ட்டையும் திருப்பி அடிப்பாங்க. சாயந்தரத்துக்குள்ள அனுப்பணும். அடுத்த வருஷ வேலையும் இதுலதான் இருக்கு. இங்க எத்தினி பேரு சம்பளம் இதுல வருதுன்னு உங்களுக்கே தெரியும்."

நான் கத்தினேன். அந்தத் தளத்தில் எல்லோரும் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கார்த்திக்கின் காது சிவந்துவிட்டது. ஆனால் பையன் பொறுமையாக நின்றான். கடைசியில், "சரி மேடம், வெட்ட வேணாம். பின்னிணைப்புல போட்டுடலாம். ஒரு வார்த்தை கொறைக்காம அப்படியே" என்றான்.

நான் சாரைப் பார்த்தேன். சாருக்கு அன்று காலையில்தான் பேரன் பிறந்திருந்தான். ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில் விழித்த கண். "ஒத்துக்கோ ஸ்டெல்லா. ரொம்ப இழுத்தா அதுவும் போயிடும். உள்ள இருந்தாப் போறும், படிக்கறவா படிப்பா" என்றார்.

என் கையெழுத்தில்லாமல் அந்த அறிக்கை வாசலைத் தாண்டாது. எண்களைச் சரிபார்த்தவள் நான், முறை அப்படி. நான் அன்றைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால், ஒரு நாள் தள்ளியிருக்கும், இரண்டு பேர் என்னை வைதிருப்பார்கள், பத்தி அட்டவணைக்குக் கீழேயே நின்றிருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை குறையாமல் காப்பாற்றிவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் கேன்டீனில் சமோசா வாங்கிக் கொடுத்தேன். சார் பேரன் பிறந்ததற்கு இனிப்பு கொடுத்தார். அன்றைக்கு எங்கள் தளத்தில் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

வார்டை மூடினார்கள்.

எப்படி மூடினார்கள் என்று பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். ஒரு கூட்டம் போட்டார்களாம். சுவரில் எங்கள் அட்டவணையை மட்டும் காட்டினார்களாம். ஆற்றங்கரைக்கு நேராகச் சிவப்பு எண். அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? ஆக்சிஜன், குழந்தையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி, எல்லாவற்றையும் படகில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினார்கள். அக்காவையும் டவுனுக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

என்னை அழைத்தபோது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிப்போர்ட்ட வாங்கிப் படிச்சேன், தங்கச்சி. மொதல்லருந்து பொரட்டிகினே போனேன், என் ஆத்தக் காணோமேன்னு. இருந்துச்சு. சொன்னபடியே எழுதிருந்த. கடைசிப் பக்கத்துல கீது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகள் வருகிறாளாம். வயிற்றில் முதல் பிள்ளையாம். நியூயார்க்கில் மருமகனுக்கு வேலை போய்விட்டது, அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகாது. அதைவிட, அம்மா கையில் பெற்றுக்கொள்கிறேன் என்று மகளே கேட்டாளாம்.

"உங்க சாராண்ட சொல்லு. எங்கூர்லயும் ஒருத்தி அம்மா வூட்டுக்கு வரான்னு சொல்லு" என்று சிரித்தார். இந்தத் தடவை நல்ல சிரிப்பு.

சாரிடம் சொன்னேன். குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

நாள் நெருங்கினதும் டவுனுக்கு இறங்கிவிடுவது என்றுதான் வைத்திருந்தார்கள். வலி முன்னாலேயே வந்துவிட்டது. அக்கா பார்க்காத பிரசவமா? வீட்டிலேயே பார்த்தார். மகள் பிழைத்தாள். பையன். பிறந்தவனுக்கு மூச்சு சரியாக இல்லை. பழைய வார்டாக இருந்தால் பத்தடி நடந்து ஆக்சிஜன் வைத்திருப்பார். இப்போது அங்கே பூட்டின கதவு. ஆற்றில் வெள்ளம். படகுக்காரரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கிளப்பி, பேரனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். டவுன் வரை பையன் தாங்கவில்லை.

இதையெல்லாம் அவர் என்னிடம் அழாமல் சொன்னார். நான்தான் அழுதேன். கடைசியில், நர்ஸ் வேலை பார்த்தவர் இல்லையா, எனக்குத் தெரிய வேண்டியது என்று நினைத்து ஒன்று சொன்னார்.

"அழுதான் தங்கச்சி. ஒரே தபா. அதனால பொறப்புலயும் எழுதச் சொன்னேன், சாவுலயும் எழுதச் சொன்னேன்."

உங்களுக்குத் தெரியும். நம் விதிப்படி ஒரே ஒரு தடவை அழுதிருந்தாலும் அது பிறப்பு.

சாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். கூடத்தில் அவருடைய பேரன் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். சார் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் அவனை இறக்கிவிட மனசில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், பையன் திமிறினான்.

"என் தப்புக் கணக்கு அப்படியே இருந்திருக்கலாம் ஸ்டெல்லா" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். கணக்க நாம சரியாத்தான் போட்டோம். கணக்குக்குப் பக்கத்துல நிக்க வேண்டியதைத்தான் தூரமா நிக்க வெச்சிட்டோம்."

அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னது அல்ல அது. இன்றைக்கும் என் முடிவு அதுதான். பொய்யான எண் யாரையும் ரொம்ப நாள் காப்பாற்றாது. ஆனால் உண்மையான எண்ணைத் தன்னந்தனியாக அனுப்பினால் அது என்ன வேண்டுமானாலும் செய்யும். அவசரத்தில் ஒருவன் வந்து, வெட்ட வேண்டாம், பின்னால் தள்ளிவிடலாம் என்பான். நல்லவனாக இருப்பான், நியாயமாகவும் பேசுவான். வெட்டினால் நமக்குக் கோபம் வரும், சண்டை போடுவோம். தள்ளினால் சமாதானமாகிவிடுவோம். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். உங்கள் மேல் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் கத்தினதை வாபஸ் வாங்க மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசியாக வந்த வேலை அதே நாடு, புது எண்கள். ஆற்றங்கரைக்கு நேராகப் பிறப்பு, இறப்பு இரண்டு கட்டத்தையும் நானே நிரப்பினேன். முதல் கட்டத்தில் அக்காவின் பேரன் ஒன்று. இரண்டாவது கட்டத்தில் அதே பேரன் ஒன்று. கழித்தேன். அவன் பிறக்காமலே இருந்திருந்தால் என்ன விடை வந்திருக்குமோ அதே விடைதான் வந்தது. அவன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அந்த எண்ணுக்கு நேர் கீழே, அதே பக்கத்தில், அக்காவின் வாக்கியத்தை எழுதினேன். குழந்தைகள் குறைந்ததால் ஆறு அருகில் வந்துவிடவில்லை. இஸ்திரி எதுவும் போடவில்லை. கார்த்திக் படித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்படியே அனுப்பிவைத்தான்.

வார்டு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.